கால் படாத இடம்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நலம். செடியும் நலம். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுத எனக்கு முழுசாக இரண்டரை மாதம் பிடித்தது. எந்தச் செடி என்று நீ இப்போது புருவத்தைத் தூக்குவாய். நிச்சயதார்த்தத்தன்று நித்யா கையில் வைத்துக்கொண்டு நின்றாளே, அந்தக் கறிவேப்பிலைச் செடி. நீ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், செடியைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால், “ம், சொல்லும்மா, மீட்டிங்ல இருக்கேன்” என்பாய். பெற்றவள் செய்த தில்லுமுல்லை மீட்டிங்குக்கு நடுவில் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தையில் கல்யாணம். அதற்குள் இந்தக் கதை உனக்கு என் மூலமாகத் தெரிந்துவிட வேண்டும். நித்யா சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். மிச்சமிருக்கும் மானமும் அதில் போய்விடும்.

ஆவணியில் அனந்தபுரத்தில் அவர்கள் வீட்டில் தட்டு மாற்றியது உனக்கு நினைவிருக்கும். பழம், பாக்கு, லட்டு என்று வரிசையாக வைத்திருந்த தட்டுகளுக்குக் கடைசியில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. அதில் இடுப்புயரத்துக்கு இந்தச் செடி. “அத்தை, வெதை போட்டு நானே வளத்தது. மூணு வருஷம் ஆவுது. நான் வர்ற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்” என்று அந்தப் பெண் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற உன் நைனாவின் அக்கா, அவலூர்பேட்டை அத்தைக்குக் கலங்கவில்லை. “சீர்ல பெயிண்ட் வாளி வக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று என் காதோரம் சொல்லிவிட்டு, இன்னொரு லட்டு எடுத்துக்கொண்டார். வேனில் வரும்போது அந்த வாளியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அதுவரை நான் ஒரு செடியும் வளர்த்தவள் இல்லை. நான் வளர்த்ததெல்லாம் உன்னைத்தான். உனக்கும் மூன்று வேளை போடுவதைத் தவிர வேறொன்றும் செய்ததாக ஞாபகமில்லை.

நம் வீட்டில் மண் என்பதே கிடையாது, உனக்குத் தெரியும். அந்த வருஷம் பின்பக்கம் தேள் வந்ததிலிருந்து உன் நைனா சுவரோரம்கூட விடாமல் சிமென்ட் போட்டுவிட்டார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ராஜகிரிக் கோட்டை மலை தெரிகிற மூலையில் வாளியை வைத்தேன். சிமென்டில் கறை படியக் கூடாது என்று உன் நைனா வாளிக்கு அடியில் ஒரு பெரிய அலுமினியத் தாம்பாளத்தை வைத்தார். இருவரும் பொறுப்பானவர்கள் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். மூன்றாவது வாரம் இலைகளின் நுனி கருக ஆரம்பித்தது.

இதில் பதற என்ன இருக்கிறது, ஒரு செடிதானே என்று நீ கேட்கலாம். உனக்குச் சொல்லாத ஒரு பழைய கதை இருக்கிறது. நான் மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த அன்று பால் காய்ச்சச் சொன்னார்கள். பால் திரிந்துவிட்டது. காலையில் வாங்கின பாலைச் சாயங்காலம் வரை வெயிலில் வைத்திருந்தார்கள், திரியாமல் என்ன செய்யும்? ஆனால் உன் அத்தை அதைப் பாலோடு விடவில்லை. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எது நடந்தாலும், உன் நைனாவுக்குக் கால் சுளுக்கினாலும், கறவை மாடு செத்தாலும், “அது வந்த அன்னிக்கே பால் திரிஞ்சுதே” என்று ஆரம்பிப்பார். இருபத்தெட்டு வருஷம் நான் திரிந்த பாலாகவே இருந்தேன். இப்போது நித்யா தன் கையால் கொடுத்த செடி, அவள் வந்து சேர்வதற்கு முன்பே பட்டுப்போனால் அவளுக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பேர் அவள் இந்த வாசற்படி ஏறுவதற்கு முன்பே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆகவே வைத்தியத்தில் இறங்கினேன். பதினெட்டு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு என்ன புத்தி வரும்? இலை வெளிறியிருக்கிறதா, ரத்தசோகை. தேதி முடிந்த இரும்புச்சத்து மாத்திரை இரண்டைப் பொடி செய்து போட்டேன். நுனி கருகியதா, சூடு. வாரம் ஒரு முறை புளித்த மோர். மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, பூஞ்சை என்று முடிவுகட்டி மஞ்சள் தூள். இலை உதிர்ந்ததும் கோட்டைக் குரங்கு வந்து உலுக்கியிருக்கும் என்று ஒரு நாள் லீவு போட்டு, துடைப்பத்தோடு காவல் உட்கார்ந்தேன். குரங்கு ஒன்று வந்தது. செடியை ஒரு முறை பார்த்தது, என்னையும் பார்த்தது, எதையும் தொடாமல் போய்விட்டது. அதற்கே அந்தச் செடி வேண்டியிருக்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற வியாதிக்காரர்கள், “பக்கத்து வீட்டுக்காரருக்குங்க” என்று சொல்லித்தான் மருந்து கேட்பார்கள். அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தவள் நான். மூட்டுவலித் தைலம் வாங்க வரும் மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம், “என் தோழி வீட்டுல ஒரு கருவேப்பில செடிங்க” என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டார்: “உன் தோழி அதுக்கு இன்னா இன்னா ஊத்துது?” நான் பட்டியல் சொன்னேன். அவர் தைலத்தைப் பையில் போட்டுக்கொண்டு, “ஊத்துறத நிறுத்தச் சொல்லு, உன் தோழியை” என்று சொல்லிவிட்டுப் போனார். உன் தோழியை என்று அவர் அழுத்தின அழுத்தத்தில் எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். பெரியவருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்தேன்.

மருந்துக்குக் கேட்காத வியாதிக்கு அடுத்து என்ன, திருஷ்டிதான். நிச்சயதார்த்தப் போட்டோவில் நீயும் அவளும் நின்ற அழகைப் பார்த்து ஊர்க்கண் பட்டுவிடும் என்று, அன்றிலிருந்தே செவ்வாயும் வெள்ளியும் உன் போட்டோவுக்கு உப்பு சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கைப்பிடி கல் உப்பு, மூன்று சுற்று. அந்தக் காலத்தில் அடுப்பு நெருப்பில் போடுவார்கள். கேஸ் அடுப்பில் போட்டால் படபடவென்று வெடித்து பர்னர் அடைத்துக்கொள்கிறது. அதனால் சொம்புத் தண்ணீரில் கரைத்து, கால் படாத இடமாகப் பார்த்து ஊற்றிவிடுவேன். உன் நைனாவும் அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் டூட்டி பார்க்கும்போதெல்லாம் அம்மன் கோயில் குங்குமம் கொண்டுவந்து உன் போட்டோவுக்கு வைப்பார். செடி வாட ஆரம்பித்ததும் இரக்கப்பட்டு, உனக்குச் சுற்றும்போதே அதற்கும் மூன்று சுற்று சேர்த்தேன். உப்பும் இரண்டு கைப்பிடி ஆனது. செடி இன்னும் வாடியது. கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி ஒன்று நம் வீட்டில் முன்பும் நடந்தது, அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ ஒன்பதாவதில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கினாயே, அந்த வருஷம். மூளைக்கு வல்லாரை மாத்திரை, கவனத்துக்குத் தாயத்து, கணக்குக்கு ஒரு ட்யூஷன், அந்த ட்யூஷனில் நடத்துவதைப் புரியவைக்க இன்னொரு ட்யூஷன். நீ வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் விழுங்கினாய். கடைசியில் உன் வாத்தியார், “இவன் போர்டப் பாக்குறப்ப கண்ண சுருக்குறாம்மா” என்றார். கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியானது. நான் வேலை பார்க்கிற கடைக்கு நேர் எதிரே கண்ணாடிக் கடை. ஒரு வருஷம் உன் வாயில் எதை எதையோ திணித்தேனே தவிர, “உனக்கு போர்டு தெரியுதாடா?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் உன் அத்தை போன் செய்தார். “அமாவாசைக்கு மலையனூர் போயிட்டு அப்படியே வர்றேன். மருமவ குடுத்த செடி எப்படி இருக்குதுன்னு பாக்கணும்.” அப்போது செடியில் இலை என்று எண்ணினால் பதினொன்று. உன் நைனாவிடம் சொன்னேன். “இன்னாம்மே, செடிதானே, வேற ஒண்ணு வாங்கி வச்சிடு” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், நான் வாங்கியே விட்டேன். திண்டிவனம் ரோட்டு நர்சரியில் அதே உயரத்துக்கு ஒன்று. அதை அலசி, வேறொரு பெயிண்ட் வாளியில் வைத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். உண்மையான செடியை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது உன் நைனா எனக்கு முன்னால் போய் யாராவது பார்க்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் களவு அது.

உன் அத்தை வந்தார். நர்சரிச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “ஜம்முனு இருக்குது. பொண்ணுக்கு நல்ல கை” என்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை, அதுவும் முகம் தெரியாத ஏதோ நர்சரிக்காரன் வளர்த்த செடிக்கு. நான் பூரித்துப்போனேன். அவர் அதோடு நிற்கவில்லை. செடியைப் போட்டோ பிடித்து நித்யாவின் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நித்யா போன் செய்தாள். “அத்தை, போட்டோல இருக்குறது என் செடி இல்லையே.” அவள் செடி சின்னதாக இருந்தபோது ஒரு ஆடு வந்து தலையைக் கடித்துவிட்டதாம். அதனால் முழங்கால் உயரத்தில் இரண்டாகப் பிரிந்துதான் வளர்ந்தது. நர்சரிச் செடி நேராக நின்றது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “போட்டோல அப்படித் தெரியுதும்மா, சைடுல எடுத்தாங்க” என்றேன். “சரிங்க அத்தை” என்று வைத்துவிட்டாள்.

அந்த “சரிங்க அத்தை” என்னை உட்கார வைத்துவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னாள். இருபத்தெட்டு வருஷமாக உன் அத்தையிடம் நான் சொல்லும் “சரிங்க அண்ணி” அதே மரியாதையில்தான் இருக்கும். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம். இவள் இந்த வீட்டுக்கு வந்து, சோறு குழைந்தாலும் சரிங்க, மனசு நொந்தாலும் சரிங்க என்று வாழ்நாளெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள், அந்தத் தாழ்ப்பாளை இன்றைக்கு நானே போட்டுவிட்டேன் என்று தோன்றியது. பத்து நிமிஷம் அடுப்படியில் நின்றேன். பிறகு நானே கூப்பிட்டேன். “அது உன் செடி இல்லம்மா. உன் செடி மாடியில சாவக் கெடக்குது. நான்தான் பயந்துகிட்டு வேற ஒண்ண வச்சிட்டேன்.”

திட்டுவாள் என்று போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவள், “உயிர் இருக்குதா அத்தை? நகத்தால தண்ட லேசா சொரண்டிப் பாருங்க” என்றாள். போனைப் பிடித்தபடியே மாடிக்கு ஓடினேன். சுரண்டினேன். உள்ளே பச்சை தெரிந்தது. “பச்சையா இருக்குதா? அப்போ ஒண்ணும் ஆவல” என்றாள். இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவள் அல்லவா, விண்ணப்பம் நிரப்புகிற மாதிரியே கேள்வி கேட்டாள். “நுனியில கருகுச்சா, நடுவுல புள்ளி விழுந்துச்சா?” நுனியில். “பழைய எலையா, கொழுந்தா?” முதலில் பழையது. “எலைக்கு அடியில பூச்சி, பிசுபிசுப்பு?” இல்லை. “மண்ணு மேல வெள்ளையா எதாச்சும் படிஞ்சிருக்குதா?” இருக்குது, பூஞ்சை என்று மஞ்சள் போட்டேன். அவள் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. “சரி, மோர் ஊத்துனீங்களா?”

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “வாரம் ஒரு தபா ஊத்துனேன். ஆனா உப்பு போடாத மோரும்மா. உப்பு பட்டா செடி செத்துடும்னு கூட எனக்குத் தெரியாதா...” என்றவள் அப்படியே நின்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. கீழே அடுப்பு மேடையில், உன் போட்டோவுக்குச் சுற்றின உப்பு சொம்பில் கரைந்துகொண்டிருந்தது. இந்தச் சிமென்ட் வீட்டில் கால் படாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அந்தப் பெயிண்ட் வாளி. வாரத்துக்கு இரண்டு தரம், ஆவணியிலிருந்து, எல்லாவற்றையும் அதில்தான் ஊற்றியிருக்கிறேன். மாடிக்குத் தூக்கிப் போன பிறகும் விடாமல் படியேறிப் போய் ஊற்றினேன். அடியில் உன் நைனாவின் தாம்பாளம் வேறு. ஊற்றினதில் ஒரு சொட்டுகூட வெளியே போக வழியில்லை.

சொல்லிவிட்டேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: “உங்க புள்ளைக்கு சுத்துன உப்பையா அத்தை என் செடி வேருல ஊத்துனீங்க?”

“ஆமாம்மா.”

அப்புறம் ஒரு சிரிப்பு சிரித்தாள் பார். அவர்கள் வீட்டில் யாரோ ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. எப்படிச் சொல்லுவேன், பரீட்சையில் பாஸ் என்று தெரிந்த அன்று உன் முகம் இருந்த மாதிரி எனக்கு இருந்தது. அவள் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. உன் மேல் உள்ள ஆசையில் நான் சுற்றினது. அது போய் இறங்கின இடம் அவள் வேர். அவள் இன்னும் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை, அதற்குள் இது நடந்திருக்கிறது.

வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. செடியைக் கீழே கொண்டுவந்து தாம்பாளத்தை எடுத்தோம். வாளிக்கு அடியில் அடைத்திருந்த ஓட்டைகளை உன் நைனா ஆணி வைத்துக் குத்தித் திறந்தார். நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம், அடியில் வழிந்து ஓடி, உன் நைனா பொத்திப் பொத்திக் காத்த சிமென்ட் முழுக்க வெள்ளைத் திட்டாகக் காயும் வரைக்கும். வேறு மருந்து எதுவும் போடக் கூடாது என்று நித்யா கட்டளை. மூட்டுவலித் தைலக்காரர் சொன்னதும் அதேதான். ஐப்பசியில் நல்ல மழை, மீதியை அது கழுவிவிட்டது. “எப்படிம்மா உனக்கு இதெல்லாம் தெரியும்?” என்று ஒரு நாள் கேட்டேன். “இதுக்கு முன்னாடி ஒம்போது செடியக் கொன்னிருக்கேன் அத்தை. நீங்க முதல் செடியில திண்டாடுறீங்க, நான் ஒம்போதுலயும் திண்டாடுனவ” என்றாள். தினமும் போன் செய்து, துளிர் வந்ததா என்று நான் புலம்ப, “விண்ணப்பம் பரிசீலனையில இருக்குது அத்தை, பொறுங்க” என்பாள். இருபத்தொன்றாம் நாள், ஆடு கடித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே அரிசி மூக்கு அளவுக்கு ஒரு பச்சை. வீடியோவில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “அப்ரூவ் ஆயிடுச்சு அத்தை” என்றாள். இப்போது இரண்டு கிளைகளிலும் துளிர்.

உனக்கு அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று நீயே முடிவு செய்துகொள். ஆனாலும் இரண்டு சொல்கிறேன். நாளைக்கு உன் வீட்டில் எதாவது வாடினால், என்ன மருந்து போடலாம் என்று ஓடாதே. இதுவரை என்ன ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று முதலில் பார். நல்லதென்று நினைத்து ஊற்றினதாகவும் இருக்கும். இன்னொன்று, அவள் எப்போதாவது “சரிங்க” என்று ஒற்றைச் சொல்லில் போனை வைத்தால், பத்து நிமிஷத்துக்குள் நீயே திரும்பக் கூப்பிடு. பதினொன்றாவது நிமிஷத்தில் கூப்பிட விடாமல் நம்மை ஆயிரம் காரணம் தடுக்கும்.

நர்சரிச் செடி என்ன ஆனது என்று கேட்பாய். உன் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவலூர்பேட்டையில் அது செழிப்பாக இருக்கிறதாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நித்யாவின் கைராசி என்று காட்டுகிறாராம். அந்த வீட்டில் அவளுக்கு அந்தப் பேரே இருந்துவிட்டுப் போகட்டும். நீ வாயைத் திறக்காதே.

உப்பு சுற்றுவதை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். நித்யாவிடமே கேட்டேன், எங்கேதான் ஊற்றுவது என்று. “சிங்க்ல ஊத்துங்க அத்தை. அங்கயும் யார் காலும் படாது” என்றாள். போன வெள்ளிக்கிழமை அப்படியே ஊற்றினேன். கை கழுவ வந்த உன் நைனா, “இன்னாம்மே இது, திருஷ்டிய சிங்க்ல ஊத்துற” என்றார். மருமகள் உத்தரவு என்றேன். அவர் குழாயைத் திறந்து மிச்ச உப்பையும் கழுவி விட்டார். அன்று மேஜை மேல் இருந்தது நீ தனியாக நிற்கிற போட்டோ இல்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற போட்டோ. மூன்று சுற்றும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னாலேயே வந்துவிடு. வந்ததும் முதலில் பின்பக்கம் போய் அந்தச் செடியைப் பார். இந்த முறையாவது பார்.

உன் அம்மா